எண்ண வேண்டிய எழுத்து

— காலைத் தூக்குக்கா. இன்னும் கொஞ்சம். அந்தப் படி உயரம். ஆ, அவ்வளவுதான், ஏறு. கொடிக்கம்பம் மாதிரி வளந்திருக்க, ஒரு வேன் படி ஏறத் தெரியல உனக்கு.

— கண்ணுல மருந்து ஊத்திட்டாங்கடி. கண்ணு பாப்பா விரிஞ்சாத்தான் உள்ள பாக்க முடியுமாம். கிட்டத்துல எதைப் பாத்தாலும் பால் கலக்கின மாதிரி இருக்கு. கிண்டல் பண்ணாம கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்க, வெயில் கூசும். ம், இப்பச் சொல்லு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் இல்லையாம்.

— நல்ல சேதியை எழவு வீட்டுல சொல்ற மாதிரி சொல்ற ஒரே ஆளு நீதான்.

— "அம்மா, உங்க கண்ணு இருபது வயசுப் பொண்ணு கண்ணு மாதிரி இருக்கு. உள்ள அழுத்தம் சரியா இருக்கு, நரம்பு சரியா இருக்கு, ஓரப் பார்வை நூத்துக்கு நூறு. எதுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஓடி வரீங்க?"ன்னு கேக்குறாங்க.

— நியாயமான கேள்வி. நீ என்ன சொன்ன?

— அப்பாவுக்குக் கண்ணு போனதைச் சொன்னேன்.

— அது அவங்க சீட்டுலயே எழுதியிருக்கு. உன் கம்ப்யூட்டர் ஜோசியத்தைச் சொன்னியா?

— ஜோசியம்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அதைச் சொல்ல முடியாதுடி. எங்க ஆராய்ச்சிக்கூடத்துல முதல் விதியே அதுதான். லட்சம் பேரைப் பத்திப் பேசலாம், தனி ஒரு ஆளைக் கூப்பிட்டு "உனக்கு இது வரும்"னு சொல்லக் கூடாது. மரபணு பாக்க நம்ம ரெண்டு பேர் எச்சிலையும் திருட்டுத்தனமா வரிசையில சேத்துவிட்டதே தப்பு.

— அந்தக் குழாய் நெறையத் துப்புன்னியே, மறப்பேனா? அரை மணி நேரம் எலுமிச்சம்பழத்தை நெனச்சுக்கிட்டுத் துப்பினேன். சரி, அதெல்லாம் விடு. கண்ணு நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. வீட்டுக்குப் போயிக் காலை நீட்டிப் படு.

— படுக்க முடியலடி. முன்னைவிட இப்பத்தான் பயமா இருக்கு. வர வேண்டியது வரலைன்னா போயிடுச்சுன்னா அர்த்தம்? எங்கேயோ பதுங்கி உக்காந்திருக்கு. அப்பாவுக்கு நாப்பத்தஞ்சுல தெரிஞ்சது. எனக்கு இப்ப நாப்பத்திமூணு. இன்னும் ரெண்டே வருஷம்.

— அட விடுக்கா. அப்பாவுக்கு யாரும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லைட் அடிச்சுப் பாக்கல.

— எப்படிப் பாப்பாங்க? நோயைக் கண்டுபுடிக்கிற வரைக்கும் ஒரே தடவையில ஊசியில நூல் கோத்தாரே மனுஷன். தையல்காரர் கண்ணுக்கு என்ன கேடுன்னு எல்லாரும் இருந்துட்டோம். கதவு நிலையில தோளை இடிச்சுப்பார், அம்மா "குடிச்சிருக்கியா"ன்னு கேப்பா, நாம ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம்.

— நான்தான் சிரிச்சேன். நீ பாடப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவே இல்ல.

— நடுவுல பளிச்சுன்னு தெரியும்டி அந்தக் கண் அழுத்த நோய்ல. ஓரம்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமா, சத்தமே இல்லாம. போனது போனவங்களுக்கே தெரியாது. தெரியுறப்போ ஒரு குழாய் வழியா பாக்குற அளவுதான் மிச்சம் இருக்கும். அப்பாவுக்கு அதுவும் மிஞ்சல.

— போதும். மத்தியானச் சாப்பாடு வயித்துலயே நிக்கட்டும். நீயும் அதையே நெனச்சு நெனச்சு இப்பவே குருடி மாதிரி வாழ ஆரம்பிச்சுட்ட. போன வாரம் உன் சமையல்கட்டுல பாத்தேனே, உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு ரெண்டு.

— தடவிப் பாத்தா தெரியணும்ல. கட்டில்ல இருந்து அடுப்புக்குப் பதினோரு அடி. குளியலறைக்கு ஏழு. கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகிட்டேன்.

— அய்யய்யோ.

— ஸ்கூட்டரை வித்தப்பவும் இப்படித்தான் அய்யய்யோன்ன. தெருவுல ஒரு புள்ள ஓடி வந்து, ஓரத்துல எனக்குத் தெரியாம, நான் இடிச்சுட்டா? அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுறது?

— நல்லவேளை நீ வித்த. நான் வித்திருந்தா பதினாலு புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நடராஜா சர்வீஸ்தான். என் மக, நம்ம வாண்டையும் சேத்து.

— உனக்கென்னடி, நீ தப்பிச்சவ. இந்தா, உன் போன். என் சீட்டுல விழுந்து கெடந்துச்சு.

— குடு.

— குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன். வாங்கு.

— எங்க? ஓ, இங்கயா. முன்னாடி நீட்டினா என்ன, பக்கவாட்டுல நீட்டுற.

— எனக்குத்தான் பால் மாதிரி தெரியுது, உனக்கென்ன? சரி, வண்டிய எடு.

— எங்க எடுக்கிறது? முன்னாடி ஒரு ஆம்புலன்ஸ் மறிச்சுக்கிட்டு நிக்குது, ஆளை இறக்கிட்டு இருக்காங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். இப்ப மணி ரெண்டே முக்கால். பள்ளிக்கூடம் விடுறது மூணரைக்கு. மூணு பத்துக்கு எடுத்தாக்கூடப் போதும், இருபது நிமிஷ ஓட்டம். உன்னையும் அப்படியே கூட்டிட்டுப் போறேன். புள்ளைங்க கத்துற கத்துல உன் பயமெல்லாம் ஓடிப்போயிடும்.

— இந்தக் கண்ணாடியில என்னடி, டேப்பு ஒட்டியிருக்கு?

— பக்கவாட்டுக் கண்ணாடியா? அது ஒரு கதை. தெருமுனையில ஒருத்தன் தண்ணி லாரியை ஒட்டி நிறுத்தியிருந்தான். உரசிடுச்சு. அதை விடு. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சுண்டெலி விஷயம் என்ன ஆச்சு?

— எந்தச் சுண்டெலி?

— நீதான். உன் கம்ப்யூட்டர்ல ஒத்திகைக்குன்னு முதல்ல உயரத்தைத்தானே போட்டுப் பாத்த? ஊருலயே நான்தான் கொக்கு, நீ சுண்டெலின்னு வந்துச்சே! நாலடி பத்து அங்குலம் நானு. கதவு நிலையில குனிஞ்சு வர்றவ நீ. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கு விலா வலிச்சுடுச்சு.

— அதுக்கு அப்பவே காரணம் சொன்னேனே.

— நீ என்னமோ சொன்ன, நான் தலையாட்டினேன். இப்பச் சொல்லு, ஆம்புலன்ஸ் நகர்ற வரைக்கும் பொழுது போகட்டும்.

— பொறு, அடியில இருந்து சொல்றேன். ரெண்டு லட்சம் பேரோட மரபணு எங்ககிட்ட இருக்கு. ஒரு பெரிய புத்தகம்னு வச்சுக்க. எல்லார் புத்தகமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா சில எடத்துல மட்டும் ஒருத்தருக்கு ஓர் எழுத்து, இன்னொருத்தருக்கு வேற எழுத்து. கண் அழுத்தம் உள்ளவங்களை ஒரு பக்கம் நிறுத்து, இல்லாதவங்களை ஒரு பக்கம் நிறுத்து. இந்த எடத்துல நோய்க்காரங்ககிட்ட எந்த எழுத்து அதிகம்? அடுத்த எடத்துல? இப்படிப் பல லட்சம் எடம்.

— உங்களுக்கெல்லாம் வேற பொழப்பு இல்ல.

— ஓர் எழுத்து தனியா ஒண்ணும் கிழிக்காது. ஆயிரம் எழுத்து சேந்தா ஆளையே ஒரு பக்கம் தள்ளிடும்.

— என் வேன் பள்ளிக்கூட வாசல்ல நின்னுபோனப்ப எல்லா வாண்டும் இறங்கித் தள்ளின மாதிரி.

— அதேதான். ஒரு வாண்டு தள்ளினா வேன் அசையாது. ஆனா பாதிப் பேர் முன்னாடி இருந்து தள்ளுறாங்க, பாதிப் பேர் பின்னாடி இருந்து தள்ளுறாங்கன்னு வையி. உன் உடம்புல யாரு யாரு எந்தப் பக்கம் தள்ளுறாங்கன்னு எண்ணிக் கூட்டிச் சொல்றதுதான் என் புரோகிராம். அதுல நூறு பேரை வரிசையா நிறுத்தினா, ஆபத்துப் பக்கத்துல இருந்து நான் பத்தாவது ஆள். நீ எண்பத்தஞ்சாவது.

— அந்த எண்பத்தஞ்சை நான் மறக்கவே மாட்டேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி என் மகளைத் தூக்கிச் சுத்தினேன். சரி, உயரம் ஏன் தப்பாச்சு?

— குடும்பத்தை வச்சுப் பாத்தா உயரத்துல முக்காவாசிக்கு மேல பரம்பரை. எழுத்தை எண்ணிப் பாத்தா அவ்வளவு புடிபடல. மீதிப் பங்கு எங்க போச்சுன்னு உலகமே தேடுது, எங்க கூடமும் பத்து வருஷமா அதைத்தான் தேடுது. அதோட அந்தக் கணக்கு வேற சனங்களை வச்சுப் போட்டது. நம்மளுக்கு அப்படியே பொருந்தாது. அதான், நம்ம உயரம் அந்தக் காணாமப்போன பங்குல இருக்குன்னு நெனச்சேன்.

— அப்போ கண்ணு மட்டும் எப்படிப் பொருந்துது?

— என்னடி?

— இல்ல, சும்மா கேட்டேன். உயரத்துக்குப் பொருந்தாத கணக்கு கண்ணுக்கு மட்டும் எப்படி அவ்வளவு கரெக்டா பொருந்துதுன்னு. நான் பத்தாவதோட நிறுத்தினவ, எனக்கென்ன தெரியும்?

— பொருந்தும். அது… கண்ணுக்குப் போட்டது வேற புள்ளிவிவரம். அதுல நம்ம மாதிரி ஆளுங்க நெறைய இருந்தாங்க. போன் அடிக்குதே, யாருது?

— உன்னுது. மெசேஜ் மேல மெசேஜா வந்து விழுது. "பூதக்கண்ணாடி"ன்னு போட்டிருக்கு. இது யாரு பேரு?

— பக்கத்து மேசைக்காரி. எதை எடுத்தாலும் அதுல ஒரு தப்பு கண்டுபுடிப்பா. எனக்கு எழுத்து தெரியல, நீ படி.

— வேலை ரகசியமெல்லாம் இருக்கப்போகுது.

— உனக்குப் புரிஞ்சாத்தானே ரகசியம். படி.

— என்ன கொழுப்பு பாரு! சரி. "அக்கா, ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சுதா? அவசரம் ஒண்ணும் இல்ல. புதுசா சேந்தவங்களுக்குக் குடுக்குறதுக்காக உங்க பழைய ஸ்கோர் புரோகிராமை எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன்." கூடவே ஒரு பொம்மை, முழியைப் பிதுக்கிக்கிட்டு.

— மேல படி.

— "புள்ளிவிவரக் கோப்புல மூணாவது வரிசையில ஓர் எழுத்து இருக்கு, நாலாவது வரிசையில ஓர் எழுத்து இருக்கு. எண்ண வேண்டியது நாலாவது. உங்க புரோகிராம் மூணாவதை எண்ணுது." இதெல்லாம் ஒரு மெசேஜா? ஏன்க்கா கையைப் புடிக்கிற?

— படி.

— "ஒண்ணு ரெண்டு எடத்துல இல்ல, எல்லா எடத்துலயும். அதனால மொத்தமும் தலைகீழா வருது. மேல இருக்கவேண்டியவங்க கீழ, கீழ இருக்கவேண்டியவங்க மேல. பயப்படாதீங்க, நம்ம கட்டுரைக்கு ஒண்ணும் ஆகல, அது புதுப் புரோகிராம்ல போட்டது. பழசுல வேற எதுக்காவது போட்டிருந்தா தூக்கிக் குப்பையில போட்டுடுங்க." அவ்வளவுதான். இல்ல, இன்னொண்ணு இருக்கு. "சொந்தக்காரங்க யாருக்கும் போட்டுக் குடுத்துடலையே?" இதுக்கு ஒரு சிரிக்கிற பொம்மை.

— திரும்பப் படி. மூணாவது, நாலாவதுன்னு வந்த எடத்தை.

— "எண்ண வேண்டியது நாலாவது. உங்க புரோகிராம் மூணாவதை எண்ணுது." என்னக்கா, வேர்த்துக் கொட்டுது? ஏசி போடவா? வேலைக்கு ஏதும் ஆபத்தா?

— மணி என்ன?

— மூணு அடிக்க அஞ்சு. ஆம்புலன்ஸும் நகர்ந்துடுச்சு. கிளம்பலாம்.

— வேண்டாம். எடுக்காதே.

— ஏன்?

— எனக்கு… தலை சுத்துது. கொஞ்ச நேரம் நிக்கட்டும். உன் கூட வேன் ஓட்டுவாரே, மீசைக்காரர், அவருக்கு போன் போடு. இன்னைக்கு ஒரு நாள் உன் புள்ளைங்களையும் ஏத்திக்கச் சொல்லு.

— உனக்குத் தலை சுத்தினா அவர் எதுக்கு என் புள்ளைங்களை ஏத்தணும்? பின்னாடி சீட்டுல படுத்துக்க. ஏய்! சாவியை எதுக்குப் புடுங்குற? அக்கா! என்னன்னு சொல்லு.

— அந்தக் கண்ணாடி எப்படி உடைஞ்சது?

— சொன்னேனே, லாரி உரசிடுச்சு.

— லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சுன்ன. நீதான் உரசின.

— ஆமா, நான்தான். பன்னண்டு வருஷம் ஓட்டுறேன், ஒரு தடவை உரசக் கூடாதா?

— ஒரு தடவைதானா?

— பள்ளிக்கூடக் கேட்டுத் தூண்ல லேசா ஒரு தடவை பட்டுச்சு. அந்தக் கேட்டே குறுகலு. எல்லாரும்தான் இடிக்கிறாங்க.

— வேற?

— என்ன, போலீஸ் மாதிரி கேக்குற? வேற ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் காலையில ஒரு சைக்கிள்காரர். எங்கிருந்துதான் முளைச்சாரோ, வானத்துல இருந்து குதிச்ச மாதிரி பக்கத்துல நிக்கிறார். பிரேக் அடிச்சதுல நம்ம வாண்டுக்கு நெத்தி லேசா வீங்கிடுச்சு. அது அந்த ஆளு தப்பு.

— எந்தப் பக்கம் நின்னாரு?

— இந்தப் பக்கம். உன் பக்கம்.

— கண்ணாடி?

— அதுவும்… உன் பக்கம்தான்.

— தூணு?

— என்னக்கா சொல்ல வர்ற?

— மூணும் இடது பக்கம்டி. போனைக்கூட நான் இடது பக்கம்தான் நீட்டினேன்.

— போதும், நிறுத்து. உன் பயம் தொத்து வியாதி மாதிரி இருக்கு. நான் எண்பத்தஞ்சாவது ஆளு. நீதானே சொன்ன?

— சொன்னேன். நான்தான் சொன்னேன். கேளுடி, கத்தாம கேளு. வேனை யாரு எந்தப் பக்கம் தள்ளுறாங்கன்னு எண்ணுறேன்னு சொன்னேன்ல. நான் ஆளை மாத்தி எண்ணிட்டேன். முன்னாடி நின்னு தள்ளுறவங்களைப் பின்னாடின்னும், பின்னாடி நின்னவங்களை முன்னாடின்னும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரே ஒரு எண்ணு. நாலுன்னு அடிக்கவேண்டிய எடத்துல மூணுன்னு அடிச்சுட்டேன்.

— அப்படின்னா?

— உயரத்துல நீ கொக்குன்னு வந்ததும் அதனாலதான். உன்னைப் பாத்தாலே தெரியுது நீ யாருன்னு, என்னைப் பாத்தாலே தெரியுது நான் யாருன்னு. அன்னைக்கே "தலைகீழா இருக்கே"ன்னு ஒரு சின்னப் புள்ளைகூடச் சொல்லியிருக்கும். நீயே சொன்னடி, சிரிச்சுக்கிட்டே சொன்ன, "திருப்பிப் புடிச்சுப் பாருக்கா"ன்னு. நான்தான் பரம்பரைப் பங்கு, காணாமப்போன பங்கு, வேற சனம்னு உனக்குப் பாடம் எடுத்தேன். அவ்வளவும் நெசமான காரணம். படிச்சவளுக்குச் சமாதானம் சொல்லிக்கவா காரணம் இல்ல?

— அப்போ அந்தப் பத்தாவது ஆளு…

— சரியாத் திருப்பினா பதினாறாவது. ரொம்ப வித்தியாசம் இல்ல. அது நீ. நான் அந்தக் கடைசியில இருக்கேன். அதான் என் கண்ணு இருபது வயசுப் பொண்ணு கண்ணு மாதிரி இருக்கு.

— நீ ரப்பர் பேண்டு கட்டினது?

— எனக்குன்னு நெனச்சுக் கட்டினேன்.

— அக்கா, அப்பா போனதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் வருஷா வருஷம் சேந்துதானே இந்த ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— நீதான் சொன்ன. "இனிமே நீ வர வேண்டாம்டி, உனக்கு எதுக்கு லீவு போட்டு அலைச்சல், நான் மட்டும் போய்க்கிறேன்." நான் இன்னைக்கு இந்தக் கட்டடத்து வாசல்ல வண்டியிலேயே உக்காந்திருக்கேன். உள்ள ஏசியில வந்து உக்காருன்னு அந்தக் காவல்காரம்மா கூப்பிட்டாங்க. நமக்கு என்ன வேலைன்னு இங்கேயே இருந்துட்டேன்.

— என்னை அடிச்சுடுடி.

— உன்னை அடிச்சு என்ன ஆகப்போகுது? சாவியைக் குடு. மணி மூணு.

— குடுக்க மாட்டேன்.

— புள்ளைங்க வெயில்ல நிப்பாங்க.

— நிக்கட்டும்! வெயில்ல நின்னா கறுத்துப்போவாங்க, அவ்வளவுதானே? எனக்குப் பயமா இருக்குடி. ஸ்கூட்டர்ல போனா ஒரு புள்ளைய இடிச்சுடுவேனோன்னு பயந்து நான் அதை வித்தேன். உன்கிட்ட பதினாலு புள்ளைங்களைக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கினேன்.

— பொறுமையா யோசி. நான் நல்லாத்தான் இருக்கேன். உன் மெசேஜு, எறும்பு எழுத்து, கண்ணாடி போடாம கடகடன்னு படிச்சேனா இல்லையா? கண்ணு கெட்டவளுக்கு இப்படிப் படிக்க வருமா?

— அப்பா ஊசியில நூல் கோத்தாரு.

— …அப்படிச் சொல்லாதக்கா.

— இல்லடி, அழாதே. தப்பாச் சொல்லிட்டேன். பதினாறாவது ஆளுன்னா வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த வரிசையில முன்னாடி நிக்கிறவங்கள்லயும் பாதிக்கு மேல ஆளுங்களுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் வராது. அது தலையெழுத்து இல்ல, வெறும் சாய்மானம். லாரியும் தூணும் சும்மா நடந்ததாக்கூட இருக்கலாம். வந்தேயிருந்தாலும் சொட்டு மருந்து இருக்கு, ஆபரேஷன் இருக்கு. மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாத்திடலாம். இப்பவே உள்ள போவோம், அந்த டாக்டரம்மா இன்னும் இருப்பாங்க.

— புள்ளைங்களை இறக்கிட்டு வந்து போறேன். சத்தியமா வர்றேன்.

— இல்ல.

— பைத்தியம் புடிச்சவளே, மூணு அஞ்சு ஆகுது! சரி, உனக்கு என்ன தெரியணும்? என் ஓரப் பார்வை தெரியணும், அவ்வளவுதானே? அப்பாவுக்கு முதல் தடவை அந்த வயசான டாக்டர் ஒண்ணு செஞ்சாரே, விரலைக் காட்டி. அதைச் செய்யி. நான் சரியாச் சொல்லிட்டா சாவியைக் குடுத்துடணும். பேச்சு மாறக் கூடாது.

— அது முழுசாத் தெரியாதுடி, மிஷின்லதான்…

— பேச்சு மாறுற.

— சரி. திரும்பி உக்காரு, என்னைப் பாத்து. ஒரு கண்ணை உள்ளங்கையால பொத்திக்க. விரல் இடுக்கு வழியா பாக்காதே. முதல்ல இடது கண்ணைப் பொத்து. என் மூக்கையே பாரு. நான் பக்கத்துல விரல் காட்டுவேன், கண்ணைத் திருப்பாம எத்தனைன்னு சொல்லு.

— பால் மாதிரி தெரியுறவ என் கண்ணைச் சோதிக்கிறா. காலக் கொடுமை. ம், காட்டு.

— எத்தனை?

— ரெண்டு.

— இப்ப?

— அஞ்சு. முழுக் கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிற.

— இப்ப? கீழ.

— ஒண்ணு. சுண்டு விரலு. போதுமா? மோதிரம் வேணும்னா அதையும் எண்ணிச் சொல்றேன்.

— அய்யோ, சரியாச் சொல்றடி. எல்லாமே சரி.

— பின்ன? உசுரையே வாங்கிட்ட. நான் சொன்னேன்ல, அந்தத் தூணு குறுகலு. சாவி எங்க?

— இன்னொரு கண்ணு இருக்கு. அதையும் பாத்துடுவோம். அப்புறம் நானே சாவியை உன் கையில வைக்கிறேன்.

— சீக்கிரம். வலது கண்ணைப் பொத்தியாச்சு. காட்டு.

— அழுத்திப் பொத்து. என் மூக்கையே பாரு.

— பாத்துட்டேன். உன் மூக்கு நுனியில ஒரு வேர்வைத் துளி நிக்குது. இப்ப விழப்போகுது. அந்தத் துளியே தெரியுது எனக்கு, கண்ணு போச்சுன்னு ஒப்பாரி வைக்கிற.

— கண்ணை நகத்தாதே. எத்தனை விரல்?

— ம்?

— சொல்லுடி. எத்தனை?

— என்னக்கா விளையாடுற, மணி மூணு எட்டு. புள்ளைங்க மணி அடிச்சதும் ஓடி வந்து நிப்பாங்க. எவ்வளவு நேரம்தான் உன் மூக்கையே பாத்துக்கிட்டு இருக்கிறது? முதல்ல கையைத் தூக்கு.